வேலு அண்ணே எழுதாதது

— அமலே, அட ஆண்டவனே! கோட்டைப் போட்டு, மப்ளரையும் சுத்திக்கிட்டு, இப்ப வந்து மாட்டேன்னா என்ன அர்த்தம்? மூணு மணிக்கு இன்னும் இருபது நிமிஷம்தான் இருக்கு.

— கோட்டு போடச் சொன்ன, போட்டேன். அந்த அயர்லாந்துக்காரர் முன்னாடி உக்காரறேன்னு நான் எப்ப சொன்னேன் புஷ்பா? எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷு மூணு வார்த்தை. ஜெராக்ஸ், லேமினேசன், பைண்டிங். அவர்கிட்ட போய் ரெண்டு பக்கமும் ஜெராக்ஸ் போடவான்னா கேக்கறது?

— உங்களை யாரு பேசச் சொன்னா? தொண்டை கட்டிருக்குன்னு நேத்தே மெயில் போட்டுட்டேன். நீங்க தலையை ஆட்டினா போதும். நான் பக்கத்துல உக்காந்து, 'எங்க வீட்டுக்காரர் இப்படிச் சொல்றார்'னு பேசிக்கறேன்.

— பொய்யி.

— ஆமா, பொய்யி. ஒம்பது வருஷப் பொய்யி. அதுல பாதி உங்களுது. போன பொங்கலுக்கு தமிழ்ச் சங்கத்துல தலைவர் அய்யாசாமி அண்ணே பொன்னாடை போத்தினாரே, அப்ப மட்டும் நல்லா நிமிந்து உக்காந்திருந்தீங்க?

— மாட்டேன்னா மரியாதையா இருக்காதேன்னு...

— 'நெட்டுல தாமுவே திரைங்கற பக்கத்துல வாராவாரம் உலக சினிமாவைப் பத்தித் தமிழ்ல எழுதற நம்ம வேலு அண்ணே'ன்னு மைக்குல சொன்னாரு. நீங்க எந்திரிச்சு நாலு பக்கமும் கும்பிட்டீங்க. நான் பொம்பளைங்க வரிசையில உக்காந்து கை தட்டினேன்.

— ஒருத்தன் எந்திரிச்சு கேள்வி கேட்டானே, அப்ப எனக்கு முதுகெல்லாம் வேர்த்தது உனக்கு எங்க தெரியும்?

— தெரியுமே. 'சாப்பிட்டுப் பேசலாம் தம்பி'ன்னீங்க. சாப்பிட்டுட்டு நேரா பஸ் ஏறிட்டீங்க.

— சரி விடு. யாபா, யாபா, பரவால்ல. ஒம்பது வருஷமா லெட்டர்லயே நல்லாத்தானே ஓடிச்சு? இப்ப எதுக்கு மூஞ்சியைப் பாக்கணுங்கறாரு?

— எத்தனை தடவை சொல்றது? டப்ளின் பேப்பர்ல வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எழுதினாரு, முப்பது வருஷம். அதுல நல்ல விமர்சனமாப் பொறுக்கி, நடுவுல தன் வாழ்க்கையையும் எழுதி, ஒரே புஸ்தகமாப் போடறாங்க. கடைசி நாலு பக்கம் நம்மளை எழுதச் சொன்னாரு. எழுதி அனுப்பிட்டேன். இந்த வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது.

— நீ எழுதினதுக்குக் கீழ யாரு பேரு?

— ஊ குழந்தைவேலு, தாமுவே, யாங்கோன்.

— அய்யோ.

— அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை நேர்ல பேசணுமாம். முடியாதுன்னு ரெண்டு தடவை சொல்லிப் பாத்தேன். நெட்டு சரியில்லன்னேன். கரண்டு இல்லன்னேன். 'கரண்டு எப்ப வரும், அப்ப பேசறேன்'னுட்டாரு மனுஷன். இன்னைக்கு நம்ம தெருவுக்கு ஒண்ணுலருந்து அஞ்சு வரைக்கும் இருக்குன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு.

— மொதல்லயே நான் பொம்பளை, என் பேரு புஷ்பலதா, பிள்ளைங்களுக்கு ட்யூசன் எடுக்கறேன்னு ஒரு வரி எழுதியிருந்தா என்ன?

— எழுதத்தான் இருந்தேன். மெயில் உங்க கடையில இருந்து அனுப்பினது. மேல உங்க பேரு தானா விழுந்துருச்சு. 'உங்க விமர்சனத்தைத் தமிழ்ல போட்டுக்கலாமா'ன்னு கேட்டேன். 'அன்புள்ள ஊ, தாராளமா'ன்னு பதில் வந்துச்சு. ஊங்கறது நம்ம யாங்கோன்ல ஆம்பளைங்க பேருக்கு முன்னாடி மரியாதைக்குப் போடறதுன்னு தெரியாம, அதுதான் உங்க பேருன்னு நினைச்சுட்டாரு. அதைத் திருத்தறதா, இதைத் திருத்தறதா? ரெண்டையும் ஒரே மெயில்ல சொல்ல வெக்கமா இருந்துச்சு. அடுத்த மெயில்ல சொல்லலாம், அடுத்த மெயில்ல சொல்லலாம்னு வருஷம் ஓடிருச்சு.

— ஒரு வருஷம் பூரா என்னை ஊன்னே கூப்பிட்டாரா?

— ஒன்றரை வருஷம்.

— நல்ல ஆளு. சரி, பக்கமாவது உன் பேர்ல தொடங்கியிருக்கலாம்ல?

— எந்தப் பேர்ல? பக்கம் தொடங்க போன் நம்பர் வேணும், சிம்மு உங்க அடையாளக் கார்டுல வாங்கினது. என் கார்டுல இருக்கற பேரு என்ன? டோ கின் மியா. சின்னப்புள்ளையில பள்ளிக்கூடத்துல டீச்சர் வச்ச பர்மியப் பேரு. டோ கின் மியா தமிழ்ல சினிமா விமர்சனம் எழுதறான்னா யாரு படிப்பா? 'வேலு அண்ணே'ன்னா படிக்கறாங்க. இன்னைக்கு நாலாயிரம் பேரு இருக்காங்க.

— நான் அந்த நாலாயிரம் பேர்ல ஒருத்தன் இல்ல. எனக்கு நீ வாயாலதான் சொல்வ.

— அதான் பயமா இருக்கு. வாங்க, ஒரு தடவை ஒப்பிச்சுப் பாத்துருவோம். அவர் பேரு?

— ஃபின்டன் ஹாலோரன்.

— நல்லது. எங்க பொறந்தாரு?

— அயர்லாந்து.

— அயர்லாந்துல எங்க?

— கடலோரம்.

— அது தீவுங்க. எல்லாமே கடலோரம்தான். அப்பா என்ன பண்ணினாரு?

— கறிக்கடை. எதுத்தாப்புல தியேட்டரு. சின்ன வயசுல கறி பொட்டலம் கட்டற பேப்பர்லயே விமர்சனம் எழுதிப் பழகினாரு. இது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, ரத்தக்கறையோட பேப்பருக்கு அனுப்பினாருன்னு சொன்னியே.

— பெரிய கம்பெனிக்காரங்க என்ன பண்ணாங்க?

— படம் மட்டம்னு எழுதினதுக்கு, பத்திரிகைக்காரங்களுக்கு முன்கூட்டியே காட்டற காட்சிக்கு இவரை விடல. இவரு சொந்தக் காசுல டிக்கெட் வாங்கிப் பாத்து, விமர்சனத்துக்குக் கடைசியில சீட்டு நம்பரையும் போட்டாரு. நாலு வருஷம். அதான் ஆளு.

— வேலையை எப்ப விட்டாரு?

— பத்து வருஷம் ஆச்சு. தானாவே விட்டுட்டாரு. ஏன்னு யாருக்கும் சொல்லல. அப்புறம் நாவல் எழுதினாரு, மூணு. மொதல் நாவலை யாரும் வாங்கல. ரெண்டாவது பஸ் டிரைவர் கதை. புஷ்பா, அந்த டிரைவர் கடைசி ஸ்டாப்புல இறங்காம உக்காந்திருப்பானே, அன்னைக்கு நீ கதையைச் சொல்லி முடிச்சதும் நான் கடையைப் பூட்ட மறந்துட்டேன்.

— ஞாபகம் இருக்கு. மூணாவது?

— மூணாவது நீ சொல்லி முடிக்கல. பரீட்சை சீசன்னு நிறுத்திட்ட.

— அமலே, அது ஒண்ணு பாக்கியிருக்கா. சரி, மூணாவதைப் பத்திப் பேச்சு வந்தா இருமுங்க.

— புஷ்பா, இதுக்கு ஏன் இவ்வளவு பயப்படற?

— பயப்படாம? தெரிஞ்சுபோச்சுன்னா என்ன நினைப்பாரு? ஒம்பது வருஷமா ஏமாத்தினவன்னு நினைப்பாரு. இந்த ஊர்ல என் இங்கிலீஷுக்கு என்ன வேலை? பிள்ளைங்களுக்கு டென்ஸ் சொல்லிக் குடுக்கறது. ஒரு படத்தைப் பாத்து நான் இப்படி நினைச்சேன்னு சொன்னா, அதை ரெண்டு நாள் யோசிச்சு, 'நீங்க சொல்றது சரி, நான் தப்பா எழுதிட்டேன்'னு பதில் போடறது உலகத்துலயே அவர் ஒருத்தர்தான். அதுவும் போச்சுன்னா எனக்கு ஒண்ணும் இல்லங்க.

— சரி. உக்காரறேன். எங்க உக்காரணும், சொல்லு.

— இங்க. முகத்துல வெயிலுக்குப் பூசின தனாக்கா அப்படியே வெள்ளையா இருக்கு, தொடைங்க. கீழ கைலி தெரியாம மேசைகிட்ட தள்ளி உக்காருங்க. நான் தொடையில ஒரு தடவை கிள்ளினா ஆமான்னு தலையை ஆட்டணும். ரெண்டு தடவை கிள்ளினா இல்லன்னு ஆட்டணும்.

— மூணு தடவை கிள்ளினா?

— கிள்ள மாட்டேன். வி.பி.என். ஏறுது. பேசாதீங்க. ரிங் போகுது.

— யாபா, யாபா. ஒண்ணும் ஆகாது. இந்த வெயில்ல மப்ளரு சுத்தினதுல நெசமாவே தொண்டை கட்டப் போவுது.

— எடுத்துட்டாரு. சிரிங்க.

— என்னது, நெத்தி மட்டும் தெரியுது? மீதியெல்லாம் சுவரு.

— கேமரா சாஞ்சிருக்கு. இருங்க, ஒரு பொம்பளை கை வந்து நிமித்துது. இப்ப தெரியுது பாருங்க. தலையை ஆட்டுங்க, உடம்பு எப்படி இருக்குன்னு கேக்கறாரு.

— ஆட்டிட்டேன். என்னையப் பாக்காம எங்கயோ பாக்கறாரே?

— அவருக்கு ஸ்கிரீன் அந்தப் பக்கம் இருக்கும். மெதுவாப் பேசுங்க. நீங்க தமிழ்ல சொல்றதை நான் இங்கிலீஷ்ல சொல்றேன்னுதான் அவர் நினைச்சுக்கிட்டிருக்காரு. உதட்டை அசைங்க.

— என்னத்தைச் சொல்லி அசைக்கறது? ஒரு லப்பேயே டீ குடிச்சா நல்லா இருக்கும்னு சொல்லவா?

— சொல்லுங்க. நான் அதைத்தான், 'உங்க புஸ்தகத்துல நாலு பக்கம் குடுத்தது பெரிய கௌரவம்'னு மாத்திச் சொன்னேன்.

— நல்லா இருக்கே. என்ன சொல்றாரு?

— இருங்க, கேட்டுச் சொல்றேன்.

— கிள்ளிட்ட, ஆட்டிட்டேன். மறுபடி கிள்ளற. இது ரெண்டாவது கிள்ளா, இல்ல புதுசா ஒண்ணா?

— சும்மா இருங்க. அந்த நாலு பக்கத்துல நான் ஒண்ணு எழுதியிருந்தேன். அதைப் பத்திக் கேக்கறாரு.

— என்ன எழுதின?

— அவர் எழுதினதையெல்லாம் வரிசையா வச்சுப் பாத்தா, 2010ல ஒரு மாத்தம் தெரியுது. அதுக்கு முன்னாடி மழையைப் பத்தி எழுதுவாரு. அதுக்கப்புறம் மழையில நனைஞ்ச செருப்பைப் பத்தி எழுதினாரு. முன்னாடி தள்ளி நின்னு மொத்தமாப் பாப்பாரு. அப்புறம் கை, சட்டைப் பொத்தான், ஒருத்தி சத்தம் வராம கீழ வைக்கற ஸ்பூனு, இதெல்லாம் வந்துச்சு. 'அந்த வருஷத்துலருந்து இவர் கண்ணு கூர்மையாயிருச்சு'ன்னு எழுதினேன். அதை எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு உங்ககிட்ட கேக்கறாரு.

— என்கிட்டயா? நான் என்ன சொல்ல?

— இருமுங்க.

— இருமிட்டேன். போதுமா?

— போதும். நான் சொல்லிக்கறேன். தமிழ்ல மாத்தி எழுதறப்ப ஒவ்வொரு வார்த்தையா எடுத்து வைக்கணும், அதனால தெரிஞ்சுச்சுன்னு சொல்றேன். தலையை ஆட்டுங்க.

— ஆட்டறேன். சரிதானே?

— சரிதான். அவரு ஏதோ சொல்றாரு.

— புஷ்பா? என்ன சொல்றாரு? ஏன் எனக்குச் சொல்ல மாட்டேங்கற?

— இருங்க.

— தெரிஞ்சுபோச்சா? புஷ்பா, என்னைப் பாத்து ஏதாச்சும் சொன்னாரா? நான் ஒழுங்காத்தானே ஆட்டினேன்? அடடா, அழாத. கண்ணைத் துடை. கேமரா ஓடிக்கிட்டிருக்கு.

— ஓடட்டுங்க. மப்ளரைக் கழட்டுங்க. அவருக்குக் கண்ணு தெரியாது.

— என்ன?

— கண்ணு தெரியாதுங்க. 2010ல போகத் தொடங்கிச்சாம். இருங்க, இன்னும் சொல்றாரு. நானும் பேசணும். நீங்க கொஞ்சம் பேசாம இருங்க.

— சரி. சரி. நான் பேசல. என்ன இது, பேன் நிக்குது? புஷ்பா, லைட்டும் போச்சு!

— ஹலோ? ஹலோ? அமலே, போச்சு! அஞ்சு மணி வரைக்கும்னுதானே போட்டிருந்தாங்க? மூணரைக்கே புடுங்கிட்டாங்களே! ஒரு பதில் சொல்றதுக்குள்ள...

— இந்தா, தண்ணியக் குடி. என்ன பதில்? மொதல்லருந்து சொல்லு. கண்ணு தெரியாம எப்படிய்யா சினிமா விமர்சனம் எழுதினாரு?

— தங்கச்சி. நோரான்னு பேரு. கேமராவை நிமித்தின கை அவங்களுதுதான். வெளிய சொன்னா பேப்பர்ல வேலை போயிரும்னு அஞ்சு வருஷம் யாருக்கும் சொல்லல. தியேட்டர்ல நோரா பக்கத்துல உக்காந்து, என்னென்ன நடக்குதுன்னு காதுல சொல்வாங்களாம். அவரு வீட்டுக்கு வந்து எழுதுவாரு. அந்தச் செருப்பு, பொத்தான், ஸ்பூனு எல்லாம் நோரா பாத்தது.

— அதனாலதான் வேலையை விட்டாரா?

— அதனாலதான். பேரு தன்னோடது, கண்ணு அவளோடதுன்னு தாங்க முடியலயாம். நாவலெல்லாம் அவரு வாயால சொல்லி நோரா எழுதினது. என் மெயிலைப் படிச்சுக் காட்டறதும் நோராதான். நான் அனுப்பின நாலு பக்கத்தை சத்தமாப் படிச்சுக்கிட்டே வந்தாங்களாம். 'கண்ணு கூர்மையாயிருச்சு'ங்கற இடம் வந்ததும் நோராவுக்கு அதுக்கு மேல படிக்க முடியலயாம். அயர்லாந்துல ஒருத்தருக்குக்கூடத் தெரியலங்க. இதைச் சொல்லணும்னுதான் பேசக் கூப்பிட்டிருக்காரு. இப்ப அட்டையிலயே நோரா பேரும் வருது.

— நான் இவ்வளவு நேரம் கண்ணு தெரியாதவர் முன்னாடியா தலையை ஆட்டினேன்?

— ரெண்டு தடவை தப்பா வேற ஆட்டினீங்க.

— சிரிக்காத. ஏதோ பதிலுன்னியே, என்ன கேட்டாரு?

— விடுங்க.

— புஷ்பா.

— 'தொண்டை கட்டினவர் எழுதல, எனக்குத் தெரியும்'னாரு. நான் பேசறதைக் கேட்ட உடனே, ஒம்பது வருஷமாக் காதுல கேட்டுக்கிட்டிருக்கற மெயிலு இந்த ஆளுதான்னு தெரிஞ்சுபோச்சாம். எங்க நிறுத்துவேன், எங்க இழுப்பேன், எல்லாம் அப்படியே இருக்காம். 'தொண்டை நல்லா இருக்கறவங்க பேரு என்ன? அந்தப் பேரைத்தான் போடணும். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க'ன்னாரு.

— கோவப்படலயா?

— இல்லங்க. 'நானும் அஞ்சு வருஷம் பண்ணினேனே'ன்னாரு.

— அப்புறம் என்ன? போன்ல கொஞ்சம் டேட்டா இருக்கு. மெயில் போடு. புஷ்பலதான்னு நாலு எழுத்து, இல்ல அஞ்சா?

— போட மாட்டேன். உங்க பேரே இருக்கட்டும்.

— ஏன்?

— அந்தப் புஸ்தகம் வந்தா நம்ம பக்கத்துல போடாம இருக்க முடியுமா? இதுக்காகத்தானே ஒம்பது வருஷம்? எல்லாரும் பாப்பாங்க. பொண்டாட்டி எழுதினதுக்குப் புருஷன் பொன்னாடை வாங்கினான்னு தாமுவேலருந்து தாகேதா வரைக்கும் சிரிப்பாங்க. உங்க கடைக்கு வந்து கேப்பாங்க.

— கேக்கட்டும். பைண்டிங்குக்கு வர்றவன் பைண்டிங் பண்ணிக்கிட்டுத்தான் போவான். அந்தப் பொன்னாடை டிவி மேல தூசிக்குப் போத்திக் கிடக்கு. அய்யாசாமி கேட்டா துவைச்சுக் குடுத்துருவோம். நெசத்தைச் சொல்லு, என்னை நினைச்சா பயப்படற?

— உங்களை நினைச்சும்தான்.

— இன்னும் என்ன?

— அவங்களுக்குப் புஷ்பலதான்னா யாருங்க? வேலு அண்ணே வீட்டுக்குப் போனா டீ கொண்டாந்து வைக்கறவ. அவ எழுதினதான்னு தெரிஞ்சா விட்டுட்டுப் போயிருவாங்க. வேலு அண்ணனைத்தான் அவங்களுக்குப் பிடிச்சிருக்கு. நான் எழுதினது பிடிச்சுதா, உங்க பேரு பிடிச்சுதான்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒம்பது வருஷமா அது மட்டும் எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் பயமா இருக்கு.

— அந்தப் போனை இங்க குடு.

— எதுக்கு? எங்க போறீங்க?

— எங்கயும் போகல. ஜன்னல்கிட்ட வெளிச்சம் இருக்கு. நீ போய்ப் படு கொஞ்சம்.

— சரி, கொஞ்ச நேரம் படுத்து எந்திரிக்கறேன். கரண்டு வந்தா எழுப்புங்க.

— என்ன, எந்திரிச்சிட்டியா? இன்னும் கரண்டு வரல.

— ரெண்டரை மணி நேரமா போனை வச்சுக்கிட்டு ஒத்தை விரலால என்ன தட்டிக்கிட்டிருக்கீங்க? வெளிச்சம் போயிருச்சு, கண்ணு கெட்டுப்போகும்.

— பொன்னாடைக்கு ரெண்டு சுழியா, மூணு சுழியா?

— ரெண்டு. எதுக்கு? யாருக்கு எழுதறீங்க? அமலே, தாமுவே திரையிலயா! குடுங்க போனை!

— கிட்ட வராத. கடைசி வரிக்கு வந்துட்டேன்.

— என்ன எழுதினீங்க? எதுலருந்து?

— நீ மத்தியானம் 'அமலே, அட ஆண்டவனே'ன்னு கத்தினியே, அதுலருந்து. ரெண்டு பேரும் பேசினதை அப்படியே போட்டிருக்கேன். கிள்ளினது, இருமினது எல்லாம்.

— கைலியுமா?

— கைலியும்தான். நில்லு, முடிவை மட்டும் படிச்சுக் காட்டறேன், அப்புறம் திட்டு. 'எல்லாருக்கும் வணக்கம். இந்தப் பக்கத்துல என் பேர்ல நீங்க இதுவரைக்கும் படிச்சது எல்லாம் என் வீட்டுக்காரி புஷ்பலதா எழுதினது. நான் எழுதினது இது ஒண்ணுதான், தப்பு இருந்தா மன்னிக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள அவ பேரை அயர்லாந்துக்குச் சொல்லணும். சொல்ல மாட்டேங்கறா. நீங்கல்லாம் போயிருவீங்கன்னு பயப்படறா. ஒம்பது வருஷமா வேலு அண்ணேன்னு கூப்பிட்டவங்க, இன்னைக்கு ஒரு தடவை அவளை அவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, அவ எழுதினதுல எது உங்க மனசுல நிக்குதுன்னு கீழ பதில் போடுங்க. போன்ல சார்ஜ் தீரப் போவுது. கரண்டு வந்ததும் அவ படிப்பா.'